ரமோனா ஏற்ற பங்கு

1928இல் வெளிவந்த ‘ரமோனா’ என்னும் அமெரிக்கப் படம், பேசும்படங்கள் திரையரங்குகளுக்குள் நுழையத் தொடங்கிய காலத்து மௌனப்படங்களுள் ஒன்று. ஒலிப்பதிவு செய்த இசை அதனுடன் சேர்க்கப்பட்டிருந்தாலும், கதைமாந்தர் பேசுவதை இடைத்தலைப்புகள், அதாவது காட்சிகளுக்கு நடுவே திரையில் தோன்றும் எழுத்துகள், வழியாகவே பார்வையாளர் அறிந்தனர். ஹெலன் ஹண்ட் ஜாக்சன் 1884இல் வெளியிட்ட நாவலைத் தழுவி இதை இயக்கிய எட்வின் கரூ, சிக்கசா என்னும் அமெரிக்கப் பழங்குடியின் மரபில் வந்தவர்.

கலிஃபோர்னியாவில் ஸ்பானிய மொழி பேசும் பண்ணைக் குடும்பமொன்றில் வளர்ப்பு மகளாக வளரும் ரமோனா, ஆட்டு மயிர் கத்தரிக்க வரும் பழங்குடி இளைஞன் அலெசாண்ட்ரோவை விரும்புகிறாள். அந்த விருப்பத்துக்குத் தடை எழும்போதுதான் தன்னைப் பெற்றவளும் பழங்குடிப் பெண்ணே என்று அறிந்து, வீட்டைத் துறந்து அவனை மணக்கிறாள். இரு பண்பாட்டாரின் மணம் என்றதும் உணவு, வழிபாடு, பழக்கவழக்கம் ஆகியவற்றால் கணவன் மனைவிக்குள் எழும் பிணக்கையே மனம் எதிர்பார்க்கும். இப்படத்திலோ அவ்விருவருக்குமிடையே பிளவு ஏதும் இல்லை. வெள்ளை மருத்துவர் சிகிச்சை தர மறுப்பதால் குழந்தை இறப்பதும், குதிரை திருடியதாகக் கருதப்பட்டு அலெசாண்ட்ரோ சுட்டுக் கொல்லப்படுவதும் வெளியிலிருந்து வந்து விழும் அடிகள். கணவனின் அன்போடு அவன் மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியிலும் தன் பங்கை ரமோனா ஏற்கிறாள் என்பதிலேயே இந்த மணத்தின் பெருமை தங்கியிருக்கிறது.

மௌனம் இக்கதைக்குப் பெருந்துணை புரிந்தது. மெக்சிகோவில் பிறந்த டோலோரஸ் டெல் ரியோ ரமோனாவாக நடித்தபோது, ஒருவரை அயலாராகக் காட்டிக்கொடுக்கும் உச்சரிப்பு என்னும் அடையாளம் திரையில் இல்லை. முகம் மட்டுமே பேசியதால், எம்மொழியினரும் அவளைத் தம்மவளாகவே கண்டிருக்க முடியும். ஆயினும் அலெசாண்ட்ரோவின் வேடம் வார்னர் பாக்ஸ்டர் என்னும் வெள்ளை நடிகருக்கே தரப்பட்டது. கதையில் பழங்குடி மணமகனுக்கு இடமளித்த திரை, பழங்குடி நடிகருக்கு அவ்விடத்தை அளிக்கவில்லை என்னும் குறையும் இப்படத்தின் வரலாற்றில் அடங்கும்.

பல்லாண்டுகள் தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட இப்படத்தின் பிரதி பிராகா நகரத் திரைப்படக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டு, மீட்டெடுக்கப்பட்ட வடிவம் 2014இல் லாஸ் ஏஞ்சலிஸில் திரையிடப்பட்டது. கதை நிகழ்ந்த கலிஃபோர்னிய மண்ணுக்கே ரமோனா இவ்வாறு திரும்பியபோது, மருத்துவம் மறுக்கப்பட்ட குழந்தைக்காக அவள் முகத்தில் எழுந்த துயரமும் உடன் திரும்பியது. அத்துயரத்தை உணர இடைத்தலைப்பு எதுவும் தேவையில்லை.