தொலைந்தவற்றின் கடை

கோப்பை கழுவி முடித்து நாங்கள் அறைக்குத் திரும்ப இரவு ஒரு மணியாகிவிடும். ஆங்கிலம் பழகலாமென்று, பழைய சாமான் கடையில் மலிவாக வாங்கிய 'பாக்பஸ்' டிவிடியைப் போட்டோம். 1974இல் பி.பி.சி.யில் குழந்தைகளுக்கென வந்தது. மொத்தம் 13 பாகங்கள்தான்.

அதைச் செய்த 'ஸ்மோல்ஃபிலிம்ஸ்' கம்பனியை 1959இல் தொடங்கியவர்கள் இருவர். ஒலிவர் போஸ்ட்கேற் கதை எழுதிப் படம்பிடித்துக் குரலும் கொடுத்தார். பீற்றர் ஃபேர்மின் பொம்மைகளைச் செய்தார், படங்களை வரைந்தார். கன்ரபரிக்கு அருகே, ஃபேர்மினின் பண்ணையிலிருந்த பழைய மாட்டுத்தொழுவம்தான் ஸ்ரூடியோ. பொம்மையைச் சற்றே நகர்த்தி ஒரு படம். மறுபடி நகர்த்தி இன்னொன்று. போஸ்ட்கேற் இரண்டாம் உலகப்போரில் ஆயுதம் தூக்க மறுத்துச் சிறை போனவர். 2008இல் இறந்தார், ஃபேர்மின் 2018இல்.

கதையில் எமிலி என்றொரு சிறுமி. அவளுடைய கடையில் எதுவும் விற்பனைக்கில்லை. யாரோ தொலைத்த பொருளைக் கொண்டுவந்து வைப்பாள். பொம்மைகள் விழித்து, அது என்னவென்று வாதாடி, திருத்தி, யன்னலில் வைக்கும். உடையவர் அவ்வழியே வந்தால் கண்டு எடுத்துப் போகலாம்.

முதற்பாகம் முடியவும் எங்களில் ஒருவன் எழுந்து குசினிக்குள் போய்விட்டான். அவனுடைய அம்மா 2017இல் கிளிநொச்சியில், காணாமற்போன மூத்தமகனின் படத்தோடு தெருவோரம் இருந்தவ.

அவன் வரும்வரை அடுத்த பாகத்தை நாங்கள் போடவில்லை.