பினாங்கு கல்யாணத்துக்குப் போறீங்களா? முதல்ல வாட்ச்சைத் திருப்புங்க!

சென்ற ஆண்டு என் பெரியம்மா மகளுக்கு பினாங்கில் கல்யாணம். மாப்பிள்ளை ஜார்ஜ்டவுன்காரர். மூன்று தலைமுறையாக அங்கேயே வாழும் தமிழ்க் குடும்பம். சென்னையிலிருந்து நாங்கள் பதினான்கு பேர் போனோம். முகூர்த்த நேரத்தில் பதிமூன்று பேர்தான் மண்டபத்தில் இருந்தோம். வராதவர், பெண்ணுக்கு மாலை போட வேண்டிய தாய்மாமா!

அவர் எங்கும் தொலைந்து போகவில்லை. நான்கு தெரு தள்ளி, தனியாகப் பிடித்திருந்த ஓட்டல் அறையில் நிதானமாக ஷேவிங் செய்துகொண்டிருந்தார். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். மாமாவின் கைக்கடிகாரத்தில் மணி 6.30, மண்டபத்தில் 9. ரோமிங் பில்லுக்குப் பயந்து போனையும் ஃபிளைட் மோடிலேயே வைத்திருந்ததால் அதுவும் சென்னை நேரத்தையே காட்டியிருக்கிறது. பட்டு வேட்டி சரசரக்க அவர் ஆட்டோ தேடி, கிடைக்காமல் நடந்தே வந்து சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. சின்ன மாமா மாலை போட்டிருந்தார். பெரியம்மா தம்பியின் முகத்தையே பார்க்கவில்லை.

ஆகவே, விமானம் தரையிறங்கியதும் முதல் வேலை வாட்ச்சைத் திருப்புவது. இரண்டாவது, விமான நிலையத்திலேயே உள்ளூர் சிம் வாங்குவது. பினாங்கில் ஆட்டோ கிடையாது. கிராப் செயலியில்தான் கார் கூப்பிட வேண்டும். அதற்கு இன்டர்நெட் வேண்டுமே!

சென்னையிலிருந்து பினாங்குக்கு 2024 டிசம்பரில் நேரடி விமானம் வந்துவிட்டது. இந்தியர்களுக்கு 2026 இறுதி வரை 30 நாள் தங்க விசா தேவையில்லை. ஆனால், போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்பியாக வேண்டும். குடும்பத்தில் ஒருவர் உட்கார்ந்து எல்லோருக்கும் நிரப்பிவிடுவது நல்லது. நிறைய நகையோடு போகிறவர்கள், புறப்படும்போதே நம் சுங்கத்துறையில் அவற்றைக் காட்டிச் சான்று வாங்கிக்கொண்டால் திரும்பும்போது கேள்வி வராது.

மல்லிகைப் பூவைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். பூ, பழம், செடிக்கெல்லாம் அங்கே கட்டுப்பாடு உண்டு. தேவையும் இல்லை. லிட்டில் இந்தியாவின் குயின் தெரு, மார்க்கெட் தெருப் பக்கம் போனால் சரம், மாலை, வளையல், மறந்துபோன ரவிக்கை ஊக்கு வரை கிடைக்கும். குயின் தெருவில்தான் 1833-ல் உருவான மகா மாரியம்மன் கோயிலும் இருக்கிறது.

தங்குமிடம் பற்றி ஒரு வார்த்தை. ஜார்ஜ்டவுனின் பழைய பகுதி 2008-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. அங்குள்ள பழைய கடைவீடுகள் பல இப்போது அழகான ஓட்டல்கள். படம் பார்த்து மயங்கி முன்பதிவு செய்வோம். போனால் செங்குத்தான மரப்படி இருக்கும், லிப்ட் இருக்காது. அத்தையின் முழங்காலுக்கு அது ஒத்துவராது. முன்பே கேட்டுவிடுங்கள். ஒரே ஓட்டலில் எல்லோரும் தங்குவது இன்னும் நல்லது. மாமா எங்களோடு தங்கியிருந்தால் யாராவது கதவைத் தட்டியிருப்போம்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. காவடி போலத் தோளில் சுமந்து தமிழ் முஸ்லிம்கள் விற்கத் தொடங்கிய நாசி கண்டார், இன்று பினாங்கின் அடையாளம். பல குழம்புகளைச் சோற்றின் மேல் கலந்து ஊற்றச் சொல்லிச் சாப்பிட வேண்டும். சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மலாய், சீனக் கடைகளில் கீரைப் பொரியலில்கூட பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கலாம். கேட்டுச் சாப்பிடுங்கள், இல்லையென்றால் லிட்டில் இந்தியாவின் வாழையிலைச் சாப்பாடு இருக்கவே இருக்கிறது.

ஊர் சுற்றுவதைக் கல்யாணத்துக்கு முந்தைய நாள் வைத்துக்கொள்ளாதீர்கள். வெயிலும் புழுக்கமும் ஆளைச் சாய்த்துவிடும். மறுநாள் போனால் பினாங்கு மலை ரயில், தண்ணீர்மலை முருகன், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், ஆர்மீனியன் தெருச் சுவரோவியங்கள் என்று ஆற அமரப் பார்க்கலாம். தண்ணீர்மலைக்கு ஐந்நூறுக்கும் மேல் படிகள் என்பதால் காலையிலேயே ஏறிவிட வேண்டும். வெயில் ஏறியதும் பட்டர்வொர்த்துக்குப் படகில் போய் வரலாம். கடல் காற்று இதமாக இருக்கும்.

முகூர்த்த நாள் மதியம் மாமா சாப்பிடாமல் மண்டபத்து மூலையில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் பாட்டி மெல்ல நடந்து வந்து பக்கத்தில் அமர்ந்தார்.

“பசியாறிட்டீங்களா, தம்பி?”

மாமா தலையாட்டினார், பொய்யாக.

“எங்கப்பா நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி வந்தவரு. கூடப் பிறந்த தங்கச்சி கல்யாணம் நடந்ததே ரெண்டு மாசம் கழிச்சு கடுதாசி வந்துதான் அவருக்குத் தெரியும். நீங்க முக்கால் மணி நேரம்தானே பிந்தினீங்க?”

அன்று இரவு வரவேற்பில், மேடை ஏறும் முன் பெண்ணை நிறுத்தி, புது மாலை ஒன்றை மாமா கையில் கொடுத்தார் அந்தப் பாட்டி. மாமா மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது பெரியம்மா அவர் கையைப் பிடித்து, கடிகாரத்தில் மணி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.