சதுர அலை சதுரமாகும் வரை

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில், பிப்டிக் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவில் இருக்கிறது அந்தப் பழுதுபார்க்கும் கடை. யூபிஎஸ், இன்வெர்ட்டர், ஆலை இயந்திரங்களின் பவர் சப்ளை போர்டுகள் என்று மேசை நிறைந்து கிடக்கிறது. அவற்றுக்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு ஆசிலோஸ்கோப், சுருக்கமாக ஸ்கோப்; மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி. சீனாவின் ஜேஒய்இ டெக் வடிவமைத்த டிஎஸ்ஓ138. 2.4 அங்குலத் திரை, ஒரே சேனல். பாகங்களாக வாங்கி நாமே சால்டர் செய்துகொள்ளும் கிட்.

கடைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். உதவிக்கு இருப்பவர் பாலிடெக்னிக் முடித்த இளைஞர். "அண்ணே, மீட்டர்ல 12 வோல்ட் சரியாத்தான் காட்டுது" என்கிறார் அவர். "ஸ்கோப்ல வச்சுப் பாரு தம்பி" என்று மட்டும் பதில் வருகிறது. வைத்ததும் திரையில் நேர்கோட்டுக்குப் பதில் ரம்பப் பல். ஃபில்டர் கண்டென்சர் காய்ந்துபோயிருக்கிறது.

இந்தக் குட்டி ஸ்கோப்பின் பேண்ட்விட்த் 200 கிலோஹெர்ட்ஸ்தான். ஏற்ற நேரம், அதாவது அலை கீழிருந்து மேலே ஏற எடுக்கும் நேரம், தெரிய 0.35-ஐ அதால் வகுக்க வேண்டும்; 1.75 மைக்ரோ நொடி வரும். அதைவிட வேகமான ஏற்றத்தை இதனால் உள்ளபடி காட்ட முடியாது. 65 கிலோஹெர்ட்ஸில் ஓடும் எஸ்எம்பிஎஸ் வகை பவர் சப்ளையில் மாஸ்ஃபெட் கேட்டுக்குத் துடிப்பு வருகிறதா என்று பார்க்க இது போதும். நொடிக்குப் பத்து லட்சம் சாம்பிள் எடுப்பதால் ஒரு சுற்றுக்குப் பதினைந்து புள்ளிகள் கிடைக்கும். ஆனால் கேட் 100 நானோ நொடியில் ஏறினாலும் திரையில் சாய்ந்த கோடாகத்தான் தெரியும்.

ஃபர்ம்வேர் மாற்றினால்? டிஎல்ஓ-138 என்ற திறமூல ஃபர்ம்வேர் இருக்கிறது. அதே எஸ்டிஎம்32 சிப்பை வைத்துக்கொண்டு இரண்டு அனலாக், இரண்டு டிஜிட்டல் என நான்கு தடங்களைக் காட்டும். அதை ஏற்றச் சிப்பின் பாதுகாப்புப் பூட்டைத் திறக்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால், பழையதற்குத் திரும்ப அதன் ஃபர்ம்வேர் கோப்பு கையில் இருந்தாக வேண்டும். தடங்கள் கூடுமே தவிர, வேகம் கூடாது.

வேகமும் கூடிய கதை வேறு. ரிகோல் டிஎஸ்1052இ ஸ்கோப் 50 மெகாஹெர்ட்ஸ் என்று விற்கப்பட்டது. 100 மெகாஹெர்ட்ஸ் மாடலுக்கும் அதற்கும் உள்ளே ஒரே போர்டுதான் என்பது தெரிந்ததும், 2010-இல் பொழுதுபோக்கு மின்னணுக்காரர்கள் மாடல் எண்ணை மாற்றியே முழு வேகத்தையும் எடுத்துக்கொண்டார்கள். ஏற்ற நேரம் 7 நானோ நொடியிலிருந்து 3.5 ஆனது. வன்பொருளிலேயே திறன் ஒளிந்திருந்ததால்தான் அது நடந்தது. டிஎஸ்ஓ138-இல் ஒளித்துவைக்க எதுவும் இல்லை.

எனக்கு இந்தக் கடையில் பெரிதாகப் பட்டது காசு செலவில்லாத ஒரு வேலை. போர்டிலேயே ஒரு கிலோஹெர்ட்ஸ் சதுர அலை கிடைக்கிறது. அதை உள்ளீட்டில் கொடுக்கிறார் இளைஞர். அலையின் தோள்கள் மழுங்கித் தெரிகின்றன. சி4 என்ற ட்ரிம்மரில் பிளாஸ்டிக் திருப்புளியை வைத்து மயிரிழை திருப்புகிறார். உலோகத் திருப்புளி என்றால் அதன் மின்தேக்குத்திறனும் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும். இப்போது மூலையில் கொம்பு முளைக்கிறது. பின்னுக்குத் திருப்ப, மேல்விளிம்பு பலகைபோல் தட்டையாகிறது. ரேஞ்சை மாற்றி சி6-இலும் அதே வேலை. பிறகு 10 எக்ஸ் ப்ரோபின் ட்ரிம்மர். கிட்டைச் சால்டர் செய்து முடித்தவுடன் வேலைக்கு இறங்குபவர்கள் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதனால், போர்டில் இல்லாத கோளாறைத் திரையில் பார்த்து நல்ல பாகத்தைக் கழற்றுகிறார்கள்.

அடுத்து கடைக்காரர் ஸ்கோப்புக்குச் சேர்த்திருப்பது 9 வோல்ட் பேட்டரியும் பிளாஸ்டிக் பெட்டியும். எஸ்எம்பிஎஸ்ஸின் பிரைமரி பக்க கிரவுண்டு, எர்த் அல்ல. மின்கம்பியோடு நேரடித் தொடர்புள்ளது. எர்த்தோடு இணைந்த ஸ்கோப்பின் கிளிப்பை அங்கே மாட்டினால் போர்டு வெடிக்கும். பேட்டரியில் ஓடும் ஸ்கோப் வழியாக மின்சாரம் எர்த்துக்குப் பாய வழி இல்லை. ஆனால் கிளிப் மாட்டியதும் ஸ்கோப்பின் உலோகப் பாகம் எல்லாமே ஷாக் அடிக்கும். பெட்டி அதற்குத்தான். உள்ளீடு தாங்குவது 50 வோல்ட் உச்சம், 230 வோல்ட் மெயின்ஸின் உச்சமோ 325. பெட்டியின் மூடியில் மார்க்கரில் '50' என்று எழுதி, சுற்றி வட்டம் போட்டிருக்கிறார்கள்.