பதுளை மலைகளில் ஒரு ஞாயிறு

இலங்கை மலைநாட்டு இருப்புப்பாதை பதுளையோடு முடிந்துவிடுகிறது. கொழும்பிலிருந்து சுமார் 290 கிலோமீட்டர் தூரம், ஏறியும் வளைந்தும் குகைகளுள் நுழைந்தும் வந்த பாதை 1924ஆம் ஆண்டில் இவ்வூரை எட்டியது, அதற்கப்பால் செல்லவில்லை. நாற்புறமும் மலைகள் சூழ, கிண்ணத்தினுள் வைத்தாற்போல் அமைந்திருக்கிறது ஊவா மாகாணத்தின் இத்தலைநகரம். பழம்பெருமை வாய்ந்த முதியங்கணை விகாரையும் இங்கேதான் இருக்கிறது.

1857ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற புனித மாற்கு ஆலயத்துக்கு ஒரு விசித்திர வரலாறு உண்டு. பதுளையில் அதிகாரியாயிருந்த மேஜர் ரோஜர்ஸ் என்பவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். அவர் நினைவாக எழுந்ததே இவ்வாலயம். யானைகளின் சாபம் என்பர் ஊரார். நமக்கு அவ்வழக்கில் தீர்ப்புக் கூற வேண்டிய அவசியமில்லை!

திருநெல்வேலிச் சீமையிலிருந்து பத்து நாள் ஊழியப் பயணமாக வந்திருந்தோம் நாங்கள் எண்மர். எங்களுக்கு நெடுங்காலம் முன்பே எங்கள் ஊரார் இம்மலைகளுக்கு வந்துவிட்டனர் என்பதை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை. தேயிலை இங்கு வேரூன்றுமுன், காப்பித் தோட்டங்களின் காலமாகிய 1854இல், கண்டிப் பகுதித் தோட்டங்களில் உழைத்த தமிழரிடையே பணிபுரியத் திருநெல்வேலிச் சபையிலிருந்து உபதேசியார்கள் அனுப்பப்பட்டனர். அப்பணிக்கு அன்று இட்ட பெயர் ‘தமிழ்க் கூலி மிஷன்’. நடுவிலுள்ள அச்சொல் இன்று நம் செவியில் முள்ளாய்த் தைக்கிறது. ஆயினும் அவ்வுபதேசியார்கள் திரும்பும் தேதியைக் குறித்துக்கொண்டு புறப்பட்டவர்கள் அல்லர். பிற்காலத்தில் ஆயர் லியோ நாணயக்காரவும் அவ்வாறே செய்தார். கண்டியின் ஆயராக இருந்த அவர், 1972இல் பதுளை தனி மறைமாவட்டமானபோது, வசதி குறைந்த இந்தப் புதிய மாவட்டத்தை ஏற்று வந்து, 1982இல் மறையும்வரை இங்கேயே பணிபுரிந்தார்.

ஞாயிறு காலை பசறைச் சாலையில் பஸ்ஸேறினோம். நமுனுகுலை மலையுச்சியை மேகம் மூடியிருந்தது. இறங்கியபின் தேயிலைச் செடிகளினூடே ஒரு மணி நேர ஏற்றம். அன்று ஓய்வு நாளாகையால் மலையில் கொழுந்து பறிப்பார் எவருமில்லை. பிரட்டுக் களத்தில் சிறுவர் பந்தடித்துக்கொண்டிருந்தனர்.

தகரக் கூரையிட்ட சின்னஞ்சிறு ஜெபவீடு. முப்பது பேர் அமர்ந்தால் நிறைந்துவிடும். தோட்ட மக்களுள் பெரும்பாலோர் இந்துக்கள். சற்று மேலே மாரியம்மன் கோயில். விருந்தினர் வருவதறிந்து கோயிலாரே இரண்டு பெஞ்சுகளைத் தூக்கிவந்து போட்டிருந்தார்கள். பிரசங்கம் செய்ய வந்த எங்களுக்கு அது ஒரு பிரசங்கமாகவே இருந்தது.

ஆராதனை முடிந்து லயத்துக்கு அழைத்துச் சென்றனர். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா. முன்னே ஓர் ஒடுங்கிய திண்ணை. அதனுள் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்கிறது. சுடச்சுட ரொட்டி, தேங்காய்ச் சம்பல், தேத்தண்ணீர். உயர்ந்த இலையெல்லாம் கடல் கடந்து போகிறது. பறித்தவர் வீட்டுக்கு வருவது தூள்.

அவ்வீட்டுப் பாட்டியம்மாள், எண்பதை எட்டியவர், எங்களை உற்றுப் பார்த்தார்.

“இந்தியாவிலேருந்தா வாறீங்க தம்பி? கூடலூரு உங்களுக்குக் கிட்டவா?”

அவருடைய தம்பி கூடலூர் போனாராம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த உடன்படிக்கை, அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் பாதிப்பாதியாகப் பங்கிடப்பட்டனர். விண்ணப்பம் எழுதிய கைக்கேற்ப அக்காள் இங்கும் தம்பி அங்குமாயினர். அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மலைநாட்டில் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர். தலைமன்னாரில் கப்பலேறிய தம்பியிடமிருந்து மூன்று கடிதங்கள் வந்தன, பிறகு ஒன்றுமில்லை.

“செத்தானா, இருக்கானான்னாவது கேட்டுச் சொல்லுங்க” என்றார்.

எங்களுள் ஒருவர் குறிப்பேட்டை எடுத்துப் பெயரையும், தந்தை பெயரையும், இத்தோட்டத்தில் அவர் வேலை செய்த பிரிவையும் எழுதினார். அவ்வளவுதான், அடுத்த காம்பிராவிலிருந்து ஒருவர் வந்தார், பின் மேல் லயத்திலிருந்து நால்வர். கோயில் பூசாரியார் தம் சிற்றப்பாவின் பெயரைத் தந்தார். ஒருவர் பழைய கடிதவுறையொன்றைக் கொணர்ந்தார். அதில் கோத்தகிரித் தபால் முத்திரை மட்டுமே படிக்கும்படி இருந்தது. பிற்பகலில் நடத்தவிருந்த சிறுவர் கூட்டம் நடைபெறவில்லை. அதற்கெனச் சுமந்துவந்த படச்சுருள்கள் கட்டவிழ்க்கப்படாமலே இருந்தன. கடைசிப் பஸ்ஸுக்கு இறங்கியபோது குறிப்பேட்டில் பதினொரு பெயர்கள் சேர்ந்திருந்தன.

ஊர் திரும்பியதும் நீலகிரியிலுள்ள சபைகளுக்கும், தாயகம் திரும்பியோருக்கு வேலையளிப்பதற்காகவே அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களில் பணிபுரியும் நண்பர்களுக்கும் எழுதினோம். இதுவரை இரண்டு குடும்பங்களின் இருப்பிடம் தெரியவந்திருக்கிறது. ஒருவர் பதுளைக்குத் தொலைபேசியில் பேசியும்விட்டார். பாட்டியம்மாளின் தம்பியைப்பற்றி இன்னும் செய்தி இல்லை. வரும் மாதம் எங்களுள் இருவர் கூடலூருக்குப் புறப்படுகிறார்கள்.