மூட்டைக்கு 30 லிட்டர்

பெங்களூரு ஜீவனஹள்ளியின் சந்துகளில் ரெடிமிக்ஸ் லாரி திரும்புவது கஷ்டம். உள்தெருவில் வீடு கட்டுகிறவர்களுக்கு இன்னும் கலவை மிஷின்தான். நான் பார்க்கப் போன மனை 30க்கு 40. பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு வானம் தோண்டியிருந்தார்கள். குழிக்குள் நின்றால் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் தலைக்கு மேலே கேட்கிறது.

மேஸ்திரி திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். டேப்பை மூலைக்கு மூலை பிடிக்கச் சொன்னார். "30க்கு 40ன்னா குறுக்கே கரெக்டா 50 அடி வரணும் சார். வராது பாருங்க." வரவில்லை, ஒன்றரை அங்குலம் உதைத்தது. அதனால் காம்பவுண்டை நம்பாமல், தனியாக நூல் கட்டி மூலைமட்டம் எடுத்துத்தான் பில்லர்களைக் குறித்திருந்தார்.

பி.சி.சி. என்கிற கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு மேல் கம்பி ஜாலி, அடியில் கவர் பிளாக். பூட்டிங்குக்கு 50 மில்லிமீட்டர் கவர் கேட்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. மண் ஈரம் கம்பிக்குப் போனால் துருவேறி, கான்கிரீட்டை உள்ளேயிருந்தே பிளக்கும். பிளாக்குக்குப் பதில் ஜல்லியைச் செருகிவிட்டுப் போகிற ஆட்களும் உண்டு. இவர் அந்த ரகமில்லை. சுற்றிலும் எண்ணெய் தடவிய பலகை, பின்னால் குழிச்சுவருக்கு முட்டுக்கட்டை, இடைவெளிகளில் சிமெண்ட் பை கிழிசல். "சந்து இருந்தா சிமெண்ட் பால் ஓடிடும். அப்புறம் ஜல்லி பல்லைக் காட்டும்."

மஞ்சள், பூ, நாணயம் போட்டு பூஜை முடிந்தது. மிஷின் ஓடத் தொடங்கியதும் நான் இடம் மாறி, தண்ணீர் ஊற்றுகிற அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ராய்ச்சூர்க்காரர். அவர் கன்னடத்தில் கேட்பார், மேஸ்திரி தமிழில் பதில் சொல்வார், இருவருக்கும் தடையில்லை.

எம்20 கலவைக்கு 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு அதிகபட்சம் 30 லிட்டர் தண்ணீர் என்பது புத்தகக் கணக்கு. ஆனால் முதல் நாள் மழையில் எம்-சாண்ட் குவியல் நனைந்திருந்தது. அந்த ஈரமும் கணக்கில் சேரும். அக்கா மணலை ஒரு பிடி பிடித்துப் பார்த்தார். உருண்டை உடையாமல் நின்றது. கடைசி வாளியைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். குழிக்குள் வைப்ரேட்டர் பிடித்த பையன், "இன்னும் கொஞ்சம் லூசா விடுக்கா, இறங்க மாட்டேங்குது" என்று கத்தினான். தளதளவென்று இருந்தால் அவனுக்கு வேலை சுலபம். மிஞ்சிய தண்ணீர் காய்ந்து போன இடமெல்லாம் நுண்துளையாகும், பலம் குறையும். அக்கா வாளியைத் தொடவில்லை. மேஸ்திரியும் அவனைத்தான் அதட்டினார்: "ஊசியை நேரா விட்டு மெதுவா எடுடா."

என்ஜினீயர் போட்ட டிசைன் கடைசியில் இந்த அரை வாளியில் வந்து நிற்கிறது. கூலிச் சீட்டில் அக்கா வெறும் சித்தாள். கொத்தனாரைவிடக் குறைந்த சம்பளம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. 150 மில்லிமீட்டர் கியூப் வார்த்து 28-ஆம் நாள் உடைத்துப் பார்க்கும் வழக்கம் இந்த மாதிரிச் சின்ன வீடுகளில் அபூர்வம். இங்கே அவர் கைதான் பரிசோதனைச்சாலை.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். நாளைக்கே மண்ணை மூடிவிட்டால் என்ன என்று கேட்டார். 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் கட்டட வேலைக்குக் குடிநீரைத் தடை செய்ததிலிருந்து டேங்கர் செலவு அவருக்குப் பெரிய கவலை. "பலகையை நாளைக்குக் கழட்டிடலாம் சார். மண்ணுக்கு அவசரப்படாதீங்க. இது பி.பி.சி. சிமெண்ட், 10 நாள் ஈரம் காயக்கூடாது. சாக்கு வாங்கிக் கொடுங்க, பாதித் தண்ணி மிச்சமாகும்" என்றார் மேஸ்திரி. எத்தனை சாக்கு என்று வீட்டுக்காரர் மொபைலில் கணக்குப் போட ஆரம்பித்தார்.