அரம் பட்ட இடம்

சுவாமிமலையில் அந்தப் பட்டறைக்குள் நுழைந்ததும் குங்கிலிய வாசனைதான் முதலில் வரவேற்றது. தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்ந்து கொதிக்க, ஒரு பையன் அதைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தான். என் தோள்பையில் மடிக்கணினி. ஒரு படத்தைக் கொடுத்தால் அதைப் போன்ற படங்களைத் தேடி வரிசைப்படுத்தும் நிரல் ஒன்று அதில் இருந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இலும் கிளீவ்லாந்து அருங்காட்சியகம் 2019இலும் தங்கள் சேகரிப்புப் படங்களை யாரும் எடுத்தாளலாம் என்று திறந்துவிட்டன. அவற்றிலிருந்து செப்புத் திருமேனிகளைப் பொறுக்கிப் போட்டிருந்தேன்.

"காட்டுங்க தம்பி, என்னதான் சொல்லுதுன்னு பாப்போம்" என்றார் ஸ்தபதி.

அரத்தால் தேய்க்கும் ராவுவேலையில் இருந்த ஒரு நடராஜரைக் கைபேசியில் படமெடுத்துக் கொடுத்தேன். முதல் மூன்று விடைகளும் நடராஜர். நான்காவதாக வந்தது ஓர் அம்மன். இரண்டு படங்களிலும் பின்னால் கறுப்புத் துணி என்பதைத் தவிர வேறு உறவு கிடையாது. ஸ்தபதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பொண்ண விட்டுட்டு புடவையப் பாத்து சம்பந்தம் பேசுது!"

படத்தை ஓர் எண்வரிசையாகச் சுருக்குவதுதான் இந்த நிரலின் வேலை. எண்கள் நெருங்கினால் உருவங்களும் நெருங்கியவை என்று கொள்ளும். தூக்கிய திருவடி, விரிந்த சடை, வட்டத் திருவாசி எல்லாம் அதன் கணக்கில் ஏறும். ஆனால் நடராஜர் என்றாலே இவை இருந்தாக வேண்டுமே! ஸ்தபதி தென்னை ஓலையை நறுக்கி, மடித்து, அளவு பிரித்துக் காட்டினார். முதன்மைத் தெய்வங்களுக்கு உத்தம தசதாளம் என்னும் அளவுமுறை, 124 பங்கு. உருவங்கள் ஒன்றுபோல அமைவதற்கென்றே எழுந்த இலக்கணத்துக்குள் போய் ஒற்றுமையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வார்ப்போ இதற்கு நேர் எதிர். மெழுகு உருவத்தின்மேல் காவிரி வண்டலைப் பூசி, உலர்த்தி, சூடேற்றி மெழுகை வடித்து, உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதே அச்சில் இன்னொன்று பிறக்க வழியில்லை.

இன்னொரு சோதனை செய்தேன். அதே நடராஜரைப் பக்கவாட்டில், வெயிலில் வைத்து எடுத்த படத்தைக் கொடுத்தேன். தொகுப்பில் சேர்த்திருந்த முந்தைய படத்தை நிரல் ஏழாம் இடத்துக்குத் தள்ளிவிட்டது. அரம் பிடித்திருந்த தொழிலாளி எட்டிப் பார்த்து, "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றார். நடராஜரின் காலடியில் கிடக்கும் முயலகனின் முழங்கையருகே ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினார். "வார்க்கும்போது காத்து புகுந்து குழி விழுந்துச்சு. நான்தான் அடைச்சு ராவினேன்." அரம் பட்ட அந்த இடம் எனக்குத் தெரியவே இல்லை. அவர் விரலுக்குத் தெரிந்தது.

படங்களின் நுண்புள்ளிகளை ஒப்பிடும் வேறு முறையும் உண்டு. தட்டையான தாளில் அது நன்றாகவே வேலை செய்யும். ஜான் ரெசிக் என்ற நிரலாளர் 2012இல் பல அருங்காட்சியகங்களின் ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியங்களை அப்படித்தான் ஒரே இடத்தில் கோத்தார். மின்னும் செம்பிலோ வெளிச்சம் நகர்ந்தால் புள்ளிகளும் நகர்ந்துவிடுகின்றன.

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சிவபுரத்தின் கதையைப் பேச்சுவாக்கில் ஸ்தபதியிடம் கேட்டேன். 1951இல் மண்ணிலிருந்து கிடைத்த நடராஜர், பழுது பார்க்கப் போன இடத்தில் மாறிவிட்டார். கோயிலுக்குத் திரும்பியது நகல். 1965இல் டக்ளஸ் பாரெட் என்ற பிரிட்டிஷ் அறிஞர் அதைக் கண்டு எழுதினார். அசல், அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் என்ற சேகரிப்பாளரின் கைக்குப் போய், வழக்கும் உடன்பாடும் முடிந்து, 1980களில்தான் நாடு திரும்பியது. பிந்திய காலத்தில் களவுபோன ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவிலிருந்து 2014இல் மீள, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் சாட்சி சொன்னதை அநேகர் அறிவர். அலங்காரம் களைந்து எடுத்த படங்கள் அவை. மாலையும் பட்டும் சாத்திய கோலத்தில் எந்தக் கணினிக்கும், ஏன், எந்தக் கண்ணுக்கும் ஒன்றும் பிடிபடாது.

ஸ்தபதி சிவபுரத்தைப் பற்றி உடனே பேசவில்லை. ஓலையைச் சுருட்டி வைத்தார்.

"போட்டோ கொண்டாந்து, இதே மாதிரி வேணும்பாங்க. செஞ்சு குடுப்போம். அது தொழில்."

"பழுதையும் சேர்த்துக் கேட்டால், ஐயா?"

"கேட்டிருக்காங்க, ரெண்டு பேரு. திருவாசியில ஒரு சுடர் ஒடஞ்சிருக்கணும், ஒடஞ்ச எடம் பழசா இருக்கணும்னான் ஒருத்தன். டீ வாங்கிக் குடுத்து பஸ் ஏத்தி விட்டேன்."

அரம் மறுபடி ஓடத் தொடங்கியது.