விமானத்தின் வயிற்றுக்கு அளவெடுத்த பெட்டிகள்

விமானச் சரக்கை ஏற்றப் பயன்படும் கன்டெய்னர்களையும் பேலட்களையும் சேர்த்துச் சரக்குத் துறையினர் யு.எல்.டி. என்கிறார்கள். கன்டெய்னர் என்பது மூடிய அலுமினியப் பெட்டி. பேலட் என்பது சில மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தகடு. சரக்கை அடுக்கி மேலே வலை போட்டுக் கட்டுவார்கள். விமானத்துக்குள் ஏறிப் பூட்டப்பட்டதும் இவை விமானத்தின் பாகமாகவே கருதப்படும். அதனால்தான் இவற்றுக்குத் தரச்சான்று முக்கியம்.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரத்தில் கன்டெய்னர் என்றதும் நினைவுக்கு வருவது கப்பல் பெட்டிதான். காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களுக்கு இரவுபகலாக டிரெய்லர்கள் சுமந்து செல்லும் இருபதடி இரும்புப் பெட்டி, காலியாக இருக்கும்போதே ஏறத்தாழ இரண்டேகால் டன் எடை. உள்ளே சுமார் 33 கன மீட்டர் இடம். அதாவது ஒரு கன மீட்டர் இடத்துக்கு 65 கிலோவுக்கு மேல் இரும்பு. விமானங்களில் அதிகம் புழங்கும் எல்.டி.3 பெட்டியில் சுமார் 4.3 கன மீட்டர் இடம் உண்டு. காலி எடை 60 முதல் 80 கிலோ. கன மீட்டருக்கு இருபது கிலோகூட இல்லை. கப்பல் பெட்டி தன் தலைமேல் இன்னும் பல பெட்டிகளைத் தாங்க வேண்டும். விமானப் பெட்டிக்கு அந்தப் பாரம் இல்லை. அது சுமக்கும் ஒவ்வொரு கிலோ அலுமினியமும் எரிபொருளைத் தின்னும் என்பதால், மெலிந்திருப்பதே அதன் இலக்கணம்.

எல்.டி.3 பெட்டியின் ஒரு பக்கம் கீழே சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். அடிப்பாகம் 156 செ.மீ. அகலம், மேல்பாகம் 201 செ.மீ. விமான உடலின் வளைவை ஒட்டி உட்காரத்தான் இந்தச் சாய்வு. இடமும் வலமுமாக இரண்டு பெட்டிகள் அமர்ந்தால் வயிறு நிறைந்துவிடும். சரக்கோடு சேர்த்து ஒரு பெட்டி 1,588 கிலோவைத் தாண்டக் கூடாது. போயிங் 777-300 ஈ.ஆர். விமானத்தின் அடித்தளத்தில் இப்படி 44 பெட்டிகள் பிடிக்கும். பயணிகளின் பைகளும் இவற்றில்தான் போகின்றன. பெட்டியின் பக்கவாட்டில் ஏ.கே.இ. என்ற மூன்றெழுத்தும், வரிசை எண்ணும், விமான நிறுவனத்தின் ஈரெழுத்துக் குறியும் இருக்கும். முதல் எழுத்து வகையையும், இரண்டாவது அடித்தள அளவையும், மூன்றாவது வடிவத்தையும் சொல்லும்.

பேலட்டில் பெரிதும் பயன்படுவது பி.எம்.சி.: 318 செ.மீ. நீளம், 244 செ.மீ. அகலம், சரக்கு விமானத்தின் மேல்தளத்தில் 6,804 கிலோ வரை. அதன் விளிம்பைச் சுற்றிலும் ஒரு பள்ளத் தண்டவாளம் ஓடுகிறது. வலையின் கொக்கிகளை அதில் செருகி நகர்த்தினால் பூட்டிக்கொள்ளும். பிறகு வலையை மூலைமூலையாக இழுத்து இறுக்குவார்கள். கனமான பெட்டி அடியில், லேசானது மேலே. செங்கல் சுவர்போல இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் மாற்றி அடுக்க வேண்டும். இது கை பழகிய ஆட்களின் வேலை. அதற்குரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

கட்டு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2013 ஏப்ரல் 29 சாட்சி. ஆப்கானிஸ்தானின் பக்ராமிலிருந்து ராணுவக் கவச வண்டிகளுடன் கிளம்பிய 747 சரக்கு விமானத்தில், போதிய கட்டு இல்லாத வண்டி ஒன்று பின்னோக்கி நகர்ந்து, வால்பகுதியின் இயக்கத்தையே குலைத்தது. ஏழு பணியாளர்களும் இறந்தார்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ மீஞ்சூர்ப் பக்கத்துக் கிடங்கிலோ மரச்சட்டத்தில் ஏறும் உதிரிபாகம், வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வழியாக மீனம்பாக்கம் சரக்கு வளாகத்துக்குப் போய், அங்கே எக்ஸ்ரே சோதனையும் சுங்கமும் முடிந்த பிறகுதான் அலுமினியத் தகட்டைத் தொடுகிறது. ஆனால் அதன் விதி கிடங்கிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. பயணிகள் விமானத்தின் அடித்தளத்தில் சரக்கின் உயரம் ஏறத்தாழ 160 செ.மீ.க்குள் இருந்தாக வேண்டும். மரச்சட்டத்தின் உயரத்தையும் சேர்த்து 165 வந்துவிட்டால், அந்தச் சரக்கு பெரிய சரக்கு விமானத்துக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். வாடகைக் கணக்கும் அப்படியே: ஒரு கன மீட்டர் இடம் 167 கிலோவாகக் கொள்ளப்படுவதால், காற்றை அடைத்துப் பேக்கிங் செய்கிறவர் காற்றுக்கும் பணம் கட்டுகிறார். பேக்கிங் பிரிவின் சுவரில் இந்த அளவுகளை எழுதி வைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

இதே வட்டாரத்திலிருந்து வேறொரு சரக்கும் பறக்கிறது. பழவேற்காடு ஏரியின் களிநண்டு, கொடுக்குகள் கட்டப்பட்டு உயிரோடு சிங்கப்பூருக்குப் போகிறது. மழைக்குப் பயந்து மற்றப் பேலட்களைப் பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றுவதுபோல இதைச் சுற்ற முடியாது. மூச்சுக்கு வழி வேண்டும். அதேசமயம் பெட்டியிலிருந்து உப்புநீர் ஒழுகவும் கூடாது. பேலட்டையும் விமானத் தரையையும் அது அரித்துவிடும்.

செல்போன் சரக்கில் கவலை வேறு. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் லித்தியம் பேட்டரிகளும் இருந்த சரக்கில் தீப்பிடித்து ஒரு 747 விழுந்து, விமானிகள் இருவரும் இறந்தார்கள். தீயைத் தாங்கும் பெட்டிகளும் வலை மேல் போர்த்தும் தீத்தடுப்பு உறைகளும் அதன்பின் பரவலாயின. தனி லித்தியம்-அயன் பேட்டரியைச் சரக்காகப் பயணிகள் விமானத்தில் ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடுக்கப்பட்டது. கருவிக்குள் பொருத்தப்பட்டிருந்தால் நிபந்தனைகளோடு அனுமதி உண்டு. 2025 ஏப்ரலில் சென்னையிலிருந்து தனி விமானங்களில் ஐபோன்கள் அமெரிக்காவுக்குப் பறந்ததாகச் செய்தி வந்தபோது, நூற்றுக்கணக்கான டன் சரக்கைக் குறுகிய காலத்தில் ஏற்றி அனுப்ப முடிந்ததற்குப் பின்னால் இந்தத் தகடுகளும் வலைகளும் இருந்தன.

பெட்டியும் பேலட்டும் பெரும்பாலும் விமான நிறுவனத்தின் உடைமை. ஏற்றுமதி முகவர் தம் கிடங்குக்கு எடுத்துச் சென்று சரக்கு அடுக்கலாம். ஆனால் உருளைகள் பதித்த மேடையில்தான் வைக்க வேண்டும். தரையில் போடுவதும், ஃபோர்க்லிப்ட்டின் முள்ளை நேராக அடியில் விட்டுத் தூக்குவதும் தகட்டை வளைத்துவிடும். வளைந்த தகடு விமானத் தரையின் பூட்டில் சரியாகப் பொருந்தாது. எவ்வளவு கிழிசல், எவ்வளவு வளைவு வரை பொறுக்கலாம் என்பது ஒவ்வொன்றின் மேலும் ஒட்டப்பட்டிருக்கும் அறிவிப்பில் உண்டு. அந்த வரம்பைத் தாண்டியது பழுதுபார்க்கப்படும் வரை பறக்கக் கூடாது.